ஏறாத கண்ணாடி

சிட்னியில், பிளாக்டவுனுக்கு அப்பால், ரயில் பாதையை ஒட்டிப் போகும் ஒரு தெருவின் கடைசியில் இருந்தது அந்த வீடு. முற்றத்துப் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து காய்ந்து கிடந்தது. தபால்பெட்டியின் மூடி ஒரு பக்கமாகத் தொங்கியது. இணையத்தில் கார் விளம்பரத்தைப் பார்த்து வந்த யதுஷன், முகவரியை இன்னொரு தரம் சரிபார்த்துவிட்டுத்தான் கதவைத் தட்டினான்.

மெலிந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். வயது நாற்பது இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். வெளியே கால் வைக்காமல், வீட்டின் பக்கவாட்டைக் கையால் காட்டினாள்.

அங்கே ஒரு பெரிய யூகலிப்டஸ் மரத்தின் கீழ், நீலத் தறப்பாளைப் போர்த்திக்கொண்டு நின்றது கார்.

தறப்பாளை இழுத்ததும் யதுஷனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த கார். கூரையில் வர்ணம், வெயிலில் கருகிய தோல் போல உரிந்திருந்தது. உள்ளே கூரைத் துணி கழன்று தொட்டில் போலத் தொங்கியது. பின் இடது கண்ணாடி முழுக்க இறங்கிக் கிடக்க, அந்த வழியாக வந்த மழையும் சருகும் பின் சீற்றில் குடியிருந்தன. ஈர மணம். அதற்கு அடியில் இன்னொரு மணம், சூடேறிய பிளாஸ்ரிக்கும் புளித்த பாலும் கலந்தது போல.

ஆனால் சாவியைத் திருகியதும் எஞ்சின் ஒரே மூச்சில் பிடித்தது. அவனுக்கு அது போதும். வெதரில் பார்க்கில் கோழி பொதி செய்யும் ஆலையில் அவனுக்கு விடியற்காலை வேலை. அந்த நேரத்துக்கு அங்கே பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. இவ்வளவு நாளும் ஏற்றிப் போன நண்பன் மெல்பேர்னுக்கு மாறிவிட்டான். தற்காலிக விசாவில் இருப்பவன் வேலையையும் விட்டுவிட்டு என்ன செய்வது?

"பின் கண்ணாடி மேலே ஏறாது. அதை அப்படியே விட்டுவிடு" என்றாள் அந்தப் பெண்.

"பரவாயில்லை. நானே திருத்திவிடுவேன்" என்றான் யதுஷன், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அவள் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்குப் பிள்ளை இருக்கிறதா?"

"பெண் குழந்தை. ஒன்பது மாதம்."

சாவியை நீட்டிய கை ஒரு கணம் பின்வாங்கியது. பிறகு அதை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"அப்படியென்றால் கட்டாயம் விட்டுவிடு" என்றாள்.

கதவு மூடிக்கொண்டது.

டூங்கபியில் யதுஷன் குடியிருந்த அடுக்குமாடிக்கு அந்தக் கார் வந்து சேர்ந்த அன்றே ஊர் கூடிவிட்டது. ஊர் என்றால் கீழ் வீட்டு மகாதேவன். புதிதாக மினுமினுக்கும் பெரிய கார் ஒன்று வாங்கி, வாரம் இருமுறை அதைக் குளிப்பாட்டுகிற மனிதர்.

"என்ன தம்பி, இது காரோ கோழிக்கூடோ?"

"ரெண்டு மாசம் பொறுங்கோ அண்ணை. உங்கட காரைக் கொண்டுபோய் இதுக்குப் பின்னால ஒளிச்சு வைப்பியள்."

"ஓம் ஓம், ஒளிச்சு வைக்கத்தான் வேணும். உதில இருந்து என்ன கழண்டு வந்து என்ரயில விழுமோ தெரியாது."

மேல் மாடத்தில் குழந்தை மதுஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற சுலக்சனா சிரித்தாள். மனைவி சிரிப்பதைப் பார்த்ததும் யதுஷனுக்கு இன்னும் ரோசம் வந்தது.

அவன் ஒவ்வொன்றாகத் தொடங்கினான். யூரியூப்பைப் பார்த்து, பார்த்ததை நிறுத்தி, கையைத் துடைத்து, மறுபடி பார்த்து, பிரேக் கட்டைகளை மாற்றினான். எஞ்சின் எண்ணெயை மாற்றினான். கூரைத் துணியைப் பசை போட்டு ஒட்டினான். ஒட்டாத இடத்தில் தையல் ஊசிகளைக் குத்தினான். கார் பரிசோதனையில் தேறிப் பதிவும் கிடைத்தது. விடியற்காலையில் ஆலைக்குப் போய், மத்தியானம் திரும்பி, பின்னேரம் முழுக்கக் காருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்தது பின் கண்ணாடி.

பழைய கார்களை உடைத்து விற்கும் முற்றம் ஒன்றில், கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் உட்கார்ந்து கதவின் உள் அட்டையைக் கழற்றினான். கைப்பிடியைச் சுற்றி, பிளாஸ்ரிக் முழுவதும் கீறல்கள். மெல்லிய, குறுகிய, ஒன்றன்மேல் ஒன்றாகக் கீறிய நூற்றுக்கணக்கான கீறல்கள்.

நாய் வளர்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

மோட்டாரைப் பூட்டிச் சுவிச்சை அழுத்தினான். கண்ணாடி சீராக ஏறி மூடியது. சுலக்சனாவைக் கூப்பிட்டு மூன்று தரம் ஏற்றி இறக்கிக் காட்டினான்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது, ஆலையின் கார் தரிப்பிடத்தில், கண்ணாடி முழுக்க இறங்கிக் கிடந்தது.

மின்கம்பி எங்கேயோ உரசுகிறது என்று நினைத்தான். ஏற்றினான். அடுத்த நாளும் இறங்கிக் கிடந்தது. அதற்கடுத்த நாள் மோட்டாருக்குப் போகும் ஃபியூஸையே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குள் போனான். மின்சாரம் இல்லாமல் மோட்டார் அசைய வழியே இல்லை.

திரும்பி வந்தான். கண்ணாடி இறங்கியிருந்தது.

மின்சாரம் இல்லாமல்.

சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான். ஃபியூஸ் பையில்தான் இருந்தது.

"வித்த மனிசி சொன்னவ எல்லோ, அதை விடச் சொல்லி" என்றாள் சுலக்சனா. "விடுங்கோவன். காத்து வந்தா நல்லதுதானே."

"மழை வந்தா? பிள்ளையின்ர சீற் அந்தப் பக்கத்திலதான் கிடக்கு. நனைய விடச் சொல்லுறீரோ?"

அவனுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. மோட்டாரை மறந்தான். கண்ணாடியைக் கையால் மேலே தூக்கிப் பிடித்து, கதவின் உள்ளே அதற்கு அடியில் ஒரு கெட்டியான மரக்கட்டையை அறைந்து இறுக்கினான். இனி ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. கையோடு கையாக, காற்றுப் புகுந்த கதவு ரப்பர்களை மாற்றினான். வேலை செய்யாத கதவுப் பூட்டுகளையும் திருத்தினான். முன் கதவில் சாவியைத் திருகினால் நான்கு கதவுகளும் 'டக்' என்று ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே அவன் சும்மா சும்மா பூட்டித் திறந்தான்.

கண்ணாடி அதன் பிறகு இறங்கவில்லை.

ஆனால் தட்டும் சத்தம் தொடங்கியது.

முதலில் கேட்டது நெடுஞ்சாலையில். பின்னாலிருந்து, மிக மெல்ல, உள்ளங்கையால் கண்ணாடியில் அடிப்பது போல. தப். தப். யதுஷன் வானொலியை நிறுத்தினான். சத்தமும் நின்றது. சிவப்பு விளக்கில் நின்றபோது மறுபடி கேட்டது. இம்முறை வேகமாக.

தப் தப் தப்.

ஓரமாக நிறுத்திப் பின் சீற்றை மூலைமுடுக்கெல்லாம் தடவினான். கழன்ற பாகம் எதுவும் இல்லை. குழந்தையின் சீற் வெறுமையாக இருந்தது. அதன் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் ஆவி படிந்திருந்தது. தை மாதத்துச் சிட்னிக் கோடை வெயிலில், மற்ற மூன்று கண்ணாடிகளும் காய்ந்து பளபளக்க, அது மட்டும் உள்ளிருந்து வெளுத்திருந்தது.

யாரோ கிட்டவாக வாயை வைத்து மூச்சு விட்டது போல.

காரில் ஏறும்போதெல்லாம் அந்தப் பால் மணம் தொண்டையில் அடைத்தது. வாசனைப் பொருள் வாங்கித் தொங்கவிட்டான். இரண்டு நாளில் அதன் வாசனையை அந்த மணம் தின்றுவிட்டது. மற்றவர்கள் ஏறினால் மணமும் வருவதில்லை, சத்தமும் கேட்பதில்லை. மதுஷா மட்டும், காரில் வைத்ததும், பக்கத்து வெறும் சீற்றைப் பார்த்துக் கையை ஆட்டத் தொடங்கினாள். யதுஷனுக்கு நித்திரை குறைந்தது. ஆலையில் தவறான பெட்டியில் தவறான சீட்டை ஒட்டி ஏச்சு வாங்கினான். காரை விட்டுவிடலாமா என்று நினைப்பான். விட்டுவிட்டு வேலைக்கு எப்படிப் போவது என்ற நினைப்பு உடனே வரும்.

"ஒரு வாகனப் பூசை செய்விப்பம்" என்றாள் சுலக்சனா. "வாங்கின நாளே செய்திருக்க வேணும். முருகனிட்ட ஒருக்கா காட்டிப்போட்டு ஓடுங்கோ."

ஞாயிறு முற்பகல் மேய்ஸ் ஹில் முருகன் கோயில் கார் தரிப்பிடம் நிறைந்து வழிந்தது. தார் உருகும் வெயில். மகாதேவனும் வந்திருந்தார்.

"தம்பி, தேங்காயை வீலுக்குக் கிட்ட வைச்சு உடைக்காதை. அதிர்ச்சியில கார் கழண்டுபோம்."

யதுஷன் சிரித்துக்கொண்டே உள்ளே போய் அர்ச்சனைக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடி வந்தான். ஐயர் அவசரப்படுத்தினார். கார்ச் சாவியைத் தட்டில் வைத்து முருகன் பாதத்தில் சாத்திவிட்டு, பிறகு வெளியே வந்து காருக்குப் பூசை செய்வாராம். தீபாராதனைக்கு நேரமாகிவிட்டது.

சுலக்சனா பின் சீற்றில், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் இருந்தாள். காலையில்தான் அவளுக்கு மாதத் துடக்கு வந்திருந்தது. கோயிலுக்குள் போக முடியாது. அது மட்டுமல்ல, துடக்கோடு பூசைக்கு வைத்த வாகனத்தில் இருப்பதும் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"நான் அந்த மரத்தடியில தள்ளி நிக்கிறன். நீங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கோ. ஐயரிட்டச் சொல்லித் திருநீறு பூசுவியுங்கோ" என்றபடியே இறங்கினாள்.

அந்தக் கடைசி வார்த்தைகள் யதுஷனின் காதில் ஏறவில்லை. அவன் காரின் முன்பக்கமாகக் குனிந்து, தட்டில் வெற்றிலையையும் எலுமிச்சம்பழங்களையும் அடுக்கிக்கொண்டிருந்தான். மகாதேவன் வேறு, "கெதியா வா தம்பி, மணி அடிக்குது" என்று கத்தினார். நிமிர்ந்தபோது சுலக்சனாவின் முதுகுதான் தெரிந்தது. தோளில் குழந்தையின் பை. அதன்மேல் குழந்தையின் போர்வை சரிந்து தொங்கியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போகிறாள் என்று அவன் நினைத்தான்.

சாவியைத் திருகினான்.

டக்.

நான்கு கதவுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன.

உள்ளே கூட்டம். ஐயர் தட்டை வாங்கி, சாவியை எடுத்துக்கொண்டு மூலஸ்தானத்துக்குள் போனார். யதுஷன் கண்ணை மூடிக் கைகூப்பினான். மணிகள் அடித்தன. மேளம் எழுந்தது. ஊதுபத்தியும் கற்பூரமும் மூக்கில் ஏறின.

அதற்குள் ஒரு புளித்த பால் மணம்.

அவன் கண்ணைத் திறந்தான். மேளத்துக்கு அடியில், தாளத்துக்கு ஒட்டாமல், வேறொரு சத்தம்.

தப் தப் தப் தப்.

சுற்றிப் பார்த்தான். எல்லாரும் தீபத்தைத்தான் பார்த்தார்கள். சத்தம் சுவருக்குள் இருந்து வருவது போலவும் இருந்தது, அவன் நெஞ்சுக்குள் இருந்து வருவது போலவும் இருந்தது. காரில் கேட்டதைவிடப் பல மடங்கு வேகம். கேட்பவனைக் கெஞ்சுகிற வேகம்.

ஐயர் திரும்பி வந்து திருநீற்றோடு சாவியைக் கொடுத்தார். கையில் வாங்கிய யதுஷன் அதைக் கீழே போட்டான். கருங்கல் அறைக்குள் இருந்து வந்த சாவி, அடுப்பில் கிடந்த இரும்பு போலச் சுட்டது.

"என்னப்பா?" என்றார் ஐயர்.

யதுஷன் சாவியைப் பொறுக்கிக்கொண்டு வெளியே நடந்தான். வாசலைத் தாண்டியதும் சுலக்சனா மரத்தடியிலிருந்து எதிரே வந்தாள். தோளில் பை. அதன்மேல் போர்வை.

போர்வைக்குள் எதுவும் இல்லை.

"பிள்ளை எங்கை?" என்றாள் அவள்.

"உம்மட்டை எல்லோ?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்த அந்தக் கணம் மிக நீளமாக இருந்தது.

பிறகு ஓடினார்கள்.

காரின் கண்ணாடிகள் எல்லாம் வெளுத்துக் கிடந்தன. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கதவில் கை வைத்தபோது உள்ளங்கை பொசுங்கியது. யதுஷன் சாவியைச் செருகித் திருகினான். அது திரும்பவில்லை. அவன் கையால் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பூட்டிய பூட்டு, கல்லாகி நின்றது. சுலக்சனா பின் கண்ணாடியில் முகத்தை வைத்து, "மது! மதுக்குட்டி!" என்று கத்தினாள். அழுகைச் சத்தமே இல்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

"கல்லொண்டு எடுங்கோ! ஆரும் கல்லொண்டு எடுங்கோ!"

மகாதேவன் ஓடினார்.

அப்போது, சுலக்சனாவின் முகத்துக்கு நேரே, உட்புறத்தில், ஆவி படிந்த கண்ணாடியில் ஒரு கை பதிந்தது.

சின்னக் கை. ஐந்து விரலும் விரிந்த கை.

மதுஷாவின் கையல்ல. அவள் சீற்றில் வாரால் கட்டப்பட்டிருந்தாள், அவளுக்குக் கண்ணாடி எட்டாது. இது மூன்று வயதுப் பிள்ளையின் கை. அதன் பக்கத்தில் இன்னொன்று பதிந்தது. பிறகு இரண்டும் சேர்ந்து அடித்தன. கண்ணாடி முழுவதும் கைகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

தப் தப் தப் தப் தப்.

கதவின் வயிற்றுக்குள் ஏதோ முறிந்தது. அவன் அறைந்து இறுக்கிய மரக்கட்டை, காய்ந்த சுள்ளி போல இரண்டாகப் பிளந்த சத்தம்.

கண்ணாடி இறங்கியது.

சீராக, அவசரமில்லாமல், அடிவரை இறங்கியது.

உள்ளிருந்து வந்தது அனல் அல்ல. குளிர்ந்த காற்று. கிணற்றடியில் நிற்பது போன்ற குளிர். மதுஷா விழித்திருந்தாள். நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. முன்நெற்றி மயிர், யாரோ வாயால் ஊதிக்கொண்டிருப்பது போல, விட்டு விட்டு அசைந்தது. அவள் வெறும் சீற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சுலக்சனா ஜன்னல் வழியாகவே வாரை அவிழ்த்துப் பிள்ளையை இழுத்தெடுத்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மகாதேவன் வந்து, கையில் கல்லோடு, நின்ற இடத்திலேயே நின்றார். அவர் ஒரு பகிடியும் விடவில்லை.

அம்புலன்ஸ்காரர் வந்து பார்த்தார்கள். உடற்சூடு சரி, மூச்சு சரி, ஒரு குறையும் இல்லை என்றார்கள். எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது என்று கேட்டார்கள். யதுஷன் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. இந்த வெயிலில் அவ்வளவு நேரம் என்றால், என்று தொடங்கிய ஒருவர், சுலக்சனாவின் முகத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

அவர்கள் போன பிறகு யதுஷன் கோயில் மதிலோரம் போய் நின்று, காரை விற்ற பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தான். அவன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் கேட்டாள்.

"கண்ணாடியை ஏற்றினாயா?"

"ஏற்றினேன்."

"உன் பிள்ளை?"

"நன்றாக இருக்கிறாள்."

மறுமுனையில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது.

"என் மகனுக்கு மூன்று வயது" என்றாள். "பின்னால் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா வீட்டுக்குள் தூக்கிப் போனதாக நான் நினைத்தேன். நான் தூக்கிப் போனதாக அவர் நினைத்தார். எல்லாக் கண்ணாடியும் மூடியிருந்தது. உள்ளிருந்து திறக்கப் பார்த்திருக்கிறான். கதவை நீ பார்த்திருப்பாய்."

நாய் அல்ல. யதுஷன் மதிலைப் பிடித்துக்கொண்டான்.

"அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறானா?" என்று அவள் மிக மெல்லக் கேட்டாள்.

யதுஷன் திரும்பிக் காரைப் பார்த்தான். வெயிலில் நின்றது, சூடாறிய ஒரு பழைய இரும்பு. பின் ஜன்னல் திறந்து கிடந்தது. கண்ணாடிகளில் இருந்த ஆவி காய்ந்துவிட்டது. அதில் யாரும் இல்லை என்று, எப்படியோ, அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"இல்லை" என்றான். "போய்விட்டான்."

அவள் அழத் தொடங்கினாள். அவன் அழைப்பைத் துண்டித்தான்.

காரை அங்கேயே விட்டார்கள். மறுநாள் இழுத்துப்போக ஆள் வரும் என்று கோயில்காரரிடம் சொன்னான். வேலைக்கு எப்படிப் போவது என்று அப்போது அவன் யோசிக்கவில்லை. குழந்தையின் சீற்றைக் கழற்றி மகாதேவனின் புதுக் காரில், பின் இடது பக்கத்தில் பூட்டினார்கள். சுலக்சனா வலது பக்கத்தில் ஏறினாள். யதுஷன் முன்னால் உட்கார்ந்தான். நடுச் சீற்றில் எதையும் வைக்கவில்லை. பையைக்கூட அவள் மடியில்தான் வைத்திருந்தாள்.

தரிப்பிடத்தை விட்டு வெளியே திரும்பியதும் கார் மணி அடிக்கத் தொடங்கியது.

"ஆரோ பெல்ற் போடேல்லை" என்றார் மகாதேவன். "தங்கச்சி, போட்டிட்டீரோ?"

"ஓம் அண்ணை. போட்டிட்டன்."

அவர் முன்பலகையைப் பார்த்தார். பின் சீற்றுகள் மூன்றின் படம் அங்கே ஒளிர்ந்தது. இரண்டு பச்சை. நடுவில் ஒரு சிவப்பு.

"புதுக் கார்" என்று முணுமுணுத்தார். "இப்பிடி ஒருநாளும் அடிச்சதில்லை."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யதுஷன் கழுத்தைத் திருப்பப் பயந்து, முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்தான். மதுஷாவின் கை வெறும் சீற்றின் பக்கம் நீண்டிருந்தது. விரல்கள் எதையோ பற்றி மூடியிருந்தன. அந்தக் கையை யாரோ மெல்ல, விளையாட்டாக, முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

சுலக்சனாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. பயத்துக்கு மேலே வேறொன்றும் இருந்தது.

அவள் கையை நீட்டி, நடுச் சீற்றின் பெல்ற்றை இழுத்து, வெறுமைக்குக் குறுக்கே கொண்டுவந்து, பூட்டினாள்.

மணி நின்றது.

"அண்ணை" என்றாள் கிசுகிசுப்பாக, "பின் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கோ."

காற்று உள்ளே வந்தது. மகாதேவன் ஸ்ரேறிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். சின்னக் கண்ணாடியிலிருந்து யதுஷனால் கண்ணை எடுக்க முடியவில்லை. யாரும் இல்லாத சீற்றின் குறுக்கே இறுகிக் கிடந்த பெல்ற், நித்திரையாகிப் போன ஒரு பிள்ளையின் நெஞ்சு போல, மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.